தரைச் சூடாக்கியின் கரண்ட் கணக்கு: ஜோஹன்னஸ்பர்க் குளிருக்கு

அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங், அதாவது தரைக்கு அடியில் பதித்த மின்கம்பியால் தரையைச் சூடாக்குவது, மாதம் எவ்வளவு இழுக்கும் என்று கேட்டால் ஒரே வரியில் பதில் கிடையாது. ஒரு வீட்டில் 135 ராண்டில் முடிகிறது. பக்கத்து வீட்டில் 3,000 ராண்டைத் தாண்டுகிறது. இரண்டு வீட்டிலும் கம்பி சதுர மீட்டருக்கு 150 வாட்தான். அந்தச் சூட்டில் எவ்வளவு காலுக்கு வருகிறது, எவ்வளவு மண்ணுக்குள் இறங்குகிறது, யாரும் இல்லாத அறையில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதில்தான் செலவு முழுக்க இருக்கிறது.

கடலோர டர்பன்காரர்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை. சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு கம்பளமும் காலுறையும் போதும். ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியாவை ஒட்டிய லெனேசியா, மிட்ராண்ட், லாடியம் பக்கம் கதை வேறு. கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டர் மேலே ஆனி, ஆடி மாத இரவுகள் நாலைந்து டிகிரிக்கு இறங்கும், சில நாள் பூஜ்யத்துக்கும் கீழே போகும். இங்குள்ள பழைய வீடுகள் பெரும்பாலும் செங்கல் சுவர், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், மண்மேல் நேராகப் போட்ட கான்கிரீட் தளம், அதன்மேல் டைல்ஸ். வீட்டுக்குள் செருப்புப் போடாத நமக்கு அந்த டைல்ஸ்தான் முதல் எதிரி. ஆடிக் கூழுக்கு விடியற்காலை எழுந்து அடுக்களையில் நிற்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பதிவு முழுக்க ஒரு யூனிட் 3 ராண்ட் என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். உங்கள் விலையை, ப்ரீபெய்ட் மின்சாரம் வாங்கும்போது தரும் டோக்கன் சீட்டிலிருந்து எடுங்கள்: வரி உட்படக் கட்டிய தொகையைக் கிடைத்த யூனிட்டால் வகுத்தால் போதும். ஆனால் உங்கள் நகராட்சியில் படிநிலை விலை (மாதத்தில் யூனிட் கூடக் கூட விலை படிப்படியாக ஏறுவது) இருந்தால் சராசரியை எடுக்காதீர்கள். விளக்கு, ஃப்ரிட்ஜ், கீசர், அடுப்பு எல்லாம் வருடம் முழுக்க ஓடுகிறவை. அவை கீழ்ப் படிகளைத் தின்றுவிடும். குளிர்காலத்தில் மேலே வந்து ஏறுவது ஹீட்டர். ஆகவே ஹீட்டரின் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கடைசிப் படியின் விலைதான் சரியான விலை. இதே காரணத்தால் மாதக் கடைசியில் அடுத்த மாதத்துக்கும் சேர்த்து டோக்கன் வாங்கி வைப்பதும் நஷ்டம். படி கணக்கு மாதப் பிறப்பில் புதிதாகத் தொடங்கும். 1-ஆம் தேதி வரை தாக்குப்பிடிக்கிற அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.

இனி அறை அறையாக.

குளியலறை 4 சதுர மீட்டர் என்றால், தொட்டி, கழிப்பறைக் கோப்பை, வாஷ்பேசின் அலமாரி போகக் கம்பி விரிக்க மிஞ்சுவது சுமார் 2.5 சதுர மீட்டர். 150 வாட் வீதம் 375 வாட். காலையில் 2 மணி, இரவில் 2 மணி என்று, சூடு போதுமானதும் தானே அணைக்கும் தெர்மோஸ்டாட் ஒருமுறைகூட அணைக்காமல் ஓடினாலும் நாளைக்கு 1.5 யூனிட், நாலரை ராண்ட், மாதம் 135. இந்தக் காசுக்கு இதைவிட நல்ல சுகம் வீட்டில் கிடையாது. சாமி அறை இன்னும் மலிவு: உட்காருகிற இடம் மட்டும் ஒன்றரை சதுர மீட்டர், 225 வாட், காலையில் ஒரு மணி நேரம். நாளைக்கு ஒரு ராண்டுகூட ஆகாது.

கூடத்தில்தான் கணக்கு மாறுகிறது. 20 சதுர மீட்டர், 3 கிலோவாட். மாலை 5 முதல் 10 வரை, தெர்மோஸ்டாட் இடையிடையே அணைத்து 70 சதவீத நேரம் ஓடுவதாக வைத்தால் பத்தரை யூனிட். நாளைக்கு 31.50, மாதம் 945 ராண்ட். டைல்ஸுக்கு அடியிலேயே கம்பி இருந்து, அதற்குக் கீழே சூடு மண்ணுக்குள் இறங்காமல் தடுக்கும் இன்சுலேஷன் பலகையும் இருந்தால்தான் இந்தக் கணக்கு. கம்பி கான்கிரீட்டுக்குள் புதைந்திருந்தால் அதே கூடத்துக்கு 8 மணி நேரம், 24 யூனிட், மாதம் 2,160. 30 சதுர மீட்டர் கூடம் என்றால் 4.5 கிலோவாட், 36 யூனிட். மாதம் 3,240.

ஏன் இந்த வித்தியாசம்? ஒரு சதுர மீட்டர் பரப்பில் 100 மில்லிமீட்டர் கனக் கான்கிரீட் 230, 240 கிலோ எடை. அதை ஒரு டிகிரி சூடாக்க 0.06 யூனிட் வேண்டும். 20 சதுர மீட்டர் தளத்தை 15 டிகிரியிலிருந்து 25-க்குக் கொண்டுவர 12 யூனிட், அதாவது 36 ராண்ட். 3 கிலோவாட் கம்பிக்கு இது 4 மணி நேர வேலை. மண்ணுக்கும் சுவருக்கும் போகிற இழப்பையும் சேர்த்தால் 6 மணி நேரம். அதே இடத்தில் 10 மில்லிமீட்டர் டைலும் 10 மில்லிமீட்டர் பசையும் மட்டும் சூடாக வேண்டுமென்றால் எடை ஐந்தில் ஒரு பங்கு. இரண்டரை யூனிட்டுக்குள் வேலை முடிந்துவிடும், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள்.

ஆபீஸிலிருந்து வந்து மாலை 5 மணிக்குக் கான்கிரீட் தளச் சூடாக்கியைப் போடுகிறவர் வீட்டில் என்ன நடக்கிறது பாருங்கள். சாப்பிடும்போது தரை சில்லென்றே இருக்கும். இரவு 10 மணிக்கு எல்லோரும் படுக்கப் போகும்போது தரை இதமாகிறது. பிறகு விடியும் வரை அந்த 12 யூனிட்டும் காலிக் கூடத்துக்குக் கதகதப்பு கொடுத்துக்கொண்டிருக்கும். சூடாக்கி சரியில்லை என்று தெர்மோஸ்டாட்டை இன்னும் நாலு டிகிரி ஏற்றுவார்கள். ஏற்றினால் சீக்கிரம் சூடாகாது, அதிக நேரம் ஓடும், அவ்வளவுதான். இந்த வகைத் தளத்துக்கு நேரத்தை முன்னே தள்ளுவது ஒன்றே வழி: பகல் 12 அல்லது 1 மணிக்கு ஆரம்பித்து மாலை 6, 7 மணிக்கு அணைத்துவிடுங்கள். மிச்சத்தைத் தளம் பார்த்துக்கொள்ளும்.

‘அணைக்காமலே விட்டால் மலிவு, மறுபடி சூடாக்கத்தான் அதிகம் இழுக்கும்’ என்று சொல்கிற ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. யூனிட் கணக்கில் அது ஒருபோதும் சரியாகாது. வெளியே போகிற சூடு, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள டிகிரி வித்தியாசத்தைப் பொறுத்தது. தளம் எத்தனை மணி நேரம் சூடாக இருக்கிறதோ அத்தனை மணி நேரமும் இழப்பு ஓடும். தேசிய மின் நிறுவனமான எஸ்காமின், நேரத்துக்கு ஒரு விலை என்ற ஹோம்ஃப்ளெக்ஸ் போன்ற திட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: விலை குறைந்த நேரத்தில் தளத்தைச் சூடேற்றி வைத்து, காலை மாலை உச்ச நேரத்தில் அணைத்து வைத்தால் யூனிட் கூடினாலும் ராண்ட் குறையலாம். அங்கேகூட ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உச்ச நேர விலை மற்ற மாதங்களைவிட மிகவும் அதிகம் என்பதை மறக்க வேண்டாம். ஹீட்டர் தேவைப்படுகிற அதே மூன்று மாதங்கள்.

அடுத்து இன்சுலேஷன். இதில் மிச்சம் பிடித்தவர்கள்தான் மாதா மாதம் கட்டுகிறார்கள். கட்டட விதியான சான்ஸ் 10400-எக்ஸ்ஏ, தரைச் சூடாக்கி போடும் தளத்துக்கு அடியில் ஆர் மதிப்பு (சூட்டைத் தடுக்கும் திறன்) 1-க்குக் குறையாத இன்சுலேஷன் வேண்டும் என்கிறது. எக்ஸ்பிஎஸ் என்ற கெட்டி நுரைப் பலகையில் அது சுமார் 30 மில்லிமீட்டர். தளத்தின் வெளி விளிம்பையும் விட்டுவிடக் கூடாது. தோட்டத்துப் பக்கம் வெறும் கான்கிரீட் விளிம்பு தெரிந்தால் சூடு அந்த வழியாகவும் வெளியேறும். இந்த விதி வருவதற்கு முன் கட்டிய வீடுகளில் தளத்துக்கு அடியில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, இனிமேல் போடவும் முடியாது. ஆனால் டைல்ஸ் மாற்றும்போது பழைய தளத்தின் மேல் சிமென்ட் பூசிய எக்ஸ்பிஎஸ் பலகை ஒட்டி, அதன்மேல் கம்பி வலை, பசை, டைல் என்று போகலாம். 6 மில்லிமீட்டர் பலகையே தரை சூடாகும் நேரத்தைப் பெருமளவு குறைக்கும், 10 மில்லிமீட்டர் இன்னும் நல்லது. கதவின் அடிப்பக்கம் எவ்வளவு இழைக்க வேண்டும் என்பதை முதலிலேயே அளந்துகொள்ளுங்கள். பசைத்தாள் ஒட்டிய மெல்லிய ஃபோம் ஷீட்டை டைல்ஸுக்கு அடியில் போடுகிறவர்களை நம்பாதீர்கள். அது மரம் போன்ற லேமினேட் பலகைத் தரைக்கு உரியது, டைல் மிதிபட்டு விரிசல் விடும்.

தளம் எப்படிப் போட்டது என்று தெரியாத வீட்டில் மீட்டரையே கேளுங்கள். ப்ரீபெய்ட் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 1,000. வீட்டு பிரேக்கர்கள் இருக்கும் டிபி போர்டில் மற்ற பிரேக்கர்களை இறக்கிவிட்டு ஹீட்டரை மட்டும் போடுங்கள். 3 கிலோவாட் என்றால் நிமிடத்துக்கு 50 மினுக்கு. 375 வாட் என்றால் 6. எண்ணிக்கையை 60-ஆல் பெருக்கினால் வாட் வந்துவிடும். அப்படியே கடிகாரத்தைப் பார்த்து, எத்தனை நிமிடத்தில் கால் சூட்டை உணர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 45 நிமிடத்துக்குள் என்றால் பலகை இருக்கிறது. 2, 3 மணி நேரம் என்றால் டைல்ஸுக்கு அடியில் கம்பி, கீழே பலகை இல்லை. அரை நாள் என்றால் கான்கிரீட்டுக்குள் கம்பி. வாடகை வீடாக இருந்தால் ஒப்பந்தம் போடும் முன்பே இதைச் செய்து பார்ப்பது உத்தமம்.

தரைச் சூடாக்கியால் மட்டுமே கூடத்தின் காற்றையும் சூடாக்க முயல்வது என் பார்வையில் வீண். தரைக்கும் அறைக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் சதுர மீட்டருக்கு சுமார் 11 வாட் மேலே வரும். தரை 29 டிகிரியைத் தாண்டினால் கால் அசௌகரியப்படும், லேமினேட் என்றால் வழக்கமான எல்லை 27. அறை 20 டிகிரி, தரை 29 டிகிரி என்றால் சதுர மீட்டருக்குக் கிடைப்பது 100 வாட். கீழே 200 வாட் கம்பி போட்டாலும் அதற்கு மேல் வராது. ஒற்றைக் கண்ணாடியும் இன்சுலேஷன் இல்லாத கூரையும் உள்ள கூடம் உறைபனி இரவில் அதைவிட அதிகமாகவே இழக்கும். முதல் காசைக் கூரைக்குள் 135 மில்லிமீட்டர் கண்ணாடிப் பஞ்சு விரிக்கச் செலவிடுங்கள். அடுத்து கதவிடுக்கு அடைப்பு. பிறகுதான் ஹீட்டர்.

காற்றைச் சூடாக்க இன்வெர்ட்டர் ஏசி தான் கணக்குக்கு ஒத்துவரும். அது வெளியிலிருந்து சூட்டை இழுத்து உள்ளே தள்ளுவதால் ஒரு யூனிட்டுக்குச் சுமார் மூன்று யூனிட் சூடு கிடைக்கும். மேலே சொன்ன பத்தரை யூனிட் வேலையை மூன்றரை யூனிட்டில், 10 ராண்ட் சொச்சத்தில் முடித்துவிடும். உறைபனி இரவில் இந்த விகிதம் குறையும். ஆனால் இங்கே குளிர்காலக் காற்று வறண்டது, ஏசியின் வெளிப் பெட்டியில் பனி படிந்து நின்று நின்று ஓடும் தொல்லை குறைவு. ஏசியை 20 டிகிரியில் வைத்து, சோபாவுக்கு முன்னால் கால் வைக்கும் 4 சதுர மீட்டரில் மட்டும் தரைச் சூட்டை வைப்பது நல்ல கூட்டு. ‘கார்பன் ஃபிலிம், இன்ஃப்ராரெட், 40 சதவீதம் மிச்சம்’ என்று விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள். கம்பியோ ஃபிலிமோ கரண்டால் நேராகச் சூடாகிற எந்த ஹீட்டரும் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் தரும், ஆயில் ஹீட்டர் உட்பட.

கேஸ் ஹீட்டரோடு ஒப்பிடக் கேட்பவர்களுக்கு: 9 கிலோ சிலிண்டரில் சுமார் 115 யூனிட் சூடு உண்டு. நீங்கள் கொடுக்கும் விலையை 115-ஆல் வகுங்கள். 350 ராண்ட் என்றால் யூனிட்டுக்கு 3 ராண்டை ஒட்டி வந்துவிடும், லாபம் ஒன்றுமில்லை. புகைக்குழாய் இல்லாத ஹீட்டரில் ஒரு சிலிண்டர் எரிந்தால் 14 லிட்டர் தண்ணீர் ஆவியாக வீட்டுக்குள் கலக்கும். காலையில் ஜன்னல் கண்ணாடி வழிவதும் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை பிடிப்பதும் அதனால்தான். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்காமல் அதை எரிக்கவே கூடாது.

சோலார் வைத்திருப்பவர்களுக்குத் தரைச் சூடாக்கி வேறு ஒரு பொருள். ஹைவெல்ட் என்ற நம் மேட்டுநிலத்தில் குளிர்காலம் மேகமில்லாத காலம். வடக்குப் பார்த்த பேனல் பகல் 10 முதல் 2 வரை நன்றாக உற்பத்தி செய்யும், வீட்டிலோ ஆள் இருக்க மாட்டார்கள். மேலே குறை சொன்ன அதே கனத்த கான்கிரீட் தளம் இப்போது காசில்லாத பேட்டரி. சோலார் பேட்டரி நிறைந்த பிறகு ஹீட்டர் ஓடும்படி டைமர் வையுங்கள். ஆனால் கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும் இன்வெர்ட்டரின் அவசர வரிசையில் அதைச் சேர்க்கவே வேண்டாம்; கரண்ட் போன இரவில் 3 கிலோவாட் ஹீட்டர் 5 யூனிட் பேட்டரியை இரண்டு மணி நேரத்தில் காலி செய்துவிடும். சோலார் இல்லாவிட்டாலும் வடக்கு ஜன்னல் திரையைக் காலை 9 மணிக்கு விலக்கி 4 மணிக்கு மூடுவது இலவசச் சூடு. சென்னையிலிருந்து வந்தவர்கள், இங்கே குளிர்கால வெயில் வடக்கிலிருந்து வரும் என்று தெரியாமல், தெற்கு ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கரண்ட் போய் வந்த பிறகு தெர்மோஸ்டாட்டின் கடிகாரத்தைப் பாருங்கள். உள் பேட்டரி இல்லாத மலிவு மாடல்கள் கரண்ட் வந்ததும் நேரத்தை மறந்துவிடும். காலை 5 மணிக்கு வைத்தது பகல் 11 மணிக்கு ஓடும், மாதக் கடைசி வரை யாருக்கும் தெரியாது. டோக்கன் திடீரென்று சீக்கிரம் தீர்ந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். இரண்டாவது, பகல் முழுக்கத் தரையில் கிடக்கும் தடித்த கம்பளமும் பீன் பேக்கும். சூடு மேலே வர வழியில்லாமல் அடியில் அடைபடும். தரைச் சூட்டை அளக்கும் சென்சார் அதற்கு அடியில் இல்லாவிட்டால் கம்பி அந்த இடத்தில் வெந்தே போகலாம். மூன்றாவது கீசர். 150 லிட்டர் தண்ணீரை 40 டிகிரி ஏற்ற 7 யூனிட் வேண்டும். குற்றம் அங்கே இருக்க, பழி தரையின் மேல் விழும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாதபடி டைமர் வைத்தால் 60 ஆம்பியர் மெயினும் பிழைக்கும்.

புதிதாகப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை. தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 16 ஆம்பியர் தாங்கும், அதாவது 3,680 வாட். அதற்கு மேல் என்றால் இடையில் கான்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் ஸ்விட்ச்) வேண்டும். குளியலறைத் தெர்மோஸ்டாட்டைக் குளியலறைக்கு வெளியே, கதவுக்கு அப்பால் உள்ள சுவரில் வையுங்கள். தரைச் சென்சாரை வளையும் குழாய்க்குள் செருகி, இரண்டு கம்பி ஓட்டங்களுக்கு நட்டநடுவில் கொண்டு போங்கள். கம்பியை ஒட்டி வைத்தால் தரை சூடாகும் முன்பே அணைந்துவிடும். குழாய் இல்லாமல் புதைத்தால் சென்சார் போகும்போது டைலையும் உடைக்க வேண்டிவரும். வலையை வெட்டித் திருப்பலாம், கம்பியை ஒருபோதும் வெட்டக் கூடாது, ஒன்றின்மேல் ஒன்று போடவும் கூடாது. கம்பியும் சப்ளை வயரும் சேரும் தடித்த மூட்டு பசைக்குள் முழுக்கப் புதைய வேண்டும். காற்றில் தொங்கினால் கருகும். தனி பிரேக்கர், கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் எர்த் லீக்கேஜ் ஸ்விட்ச், ஒயரிங் விதிப்படி இருக்கிறது என்று பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன் தரும் சிஓசி சான்றிதழ் மூன்றும் கட்டாயம். நாளைக்கு வீட்டை விற்கும்போதும் அந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள்.

கம்பியின் ஓம் எண்ணை (மின்தடை அளவை) எலக்ட்ரீஷியனை மூன்று முறை அளக்கச் சொல்லுங்கள்: பெட்டியைப் பிரித்ததும், விரித்ததும், டைல் ஒட்டியதும். ஓம் கணக்கு எளிது, 230-ஐ 230-ஆல் பெருக்கி வாட்டால் வகுக்க வேண்டும். 600 வாட் வலைக்கு 88 ஓம். கசிவு அளக்கும் மெகர் கருவியில் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே கசிவு இருக்கக் கூடாது. டைல் போடுகிறவரின் கரண்டி முனைதான் பெரும்பாலான கம்பிகளின் எமன். மூன்றாவது அளவு மாறினால் பசை ஈரமாக இருக்கும்போதே எடுத்துவிடலாம். பசை காயப் பெட்டியில் சொன்ன நாள், பொதுவாக ஒன்று இரண்டு வாரம், ஸ்கிரீட் (சிமென்ட் மணல் பூச்சு) என்றால் 28 நாள், அதுவரை ஸ்விட்சைத் தொடாதீர்கள். குளிராக இருக்கிறதே என்று முன்னதாகப் போட்டால் பசை வெடித்து டைல் கூடு விழும்; தட்டினால் டொக்கென்று ஒலிக்கும்.

பின்னாளில் பழுது வந்தாலும் அந்த ஓம் எண்தான் உதவும். எல்லையில்லாமல் காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. இரண்டு 600 வாட் வலைகள் சேர்ந்து 44 ஓம் காட்ட வேண்டிய இடத்தில் 88 காட்டினால் ஒன்று செத்துவிட்டது. பாதித் தரை சில்லென்று இருப்பதற்குக் காரணம் அதுதான். ஓம் சரி, ஆனால் எர்த் லீக்கேஜ் விழுகிறது என்றால் உறை கிழிந்து ஈரம் ஏறியிருக்கிறது. பெரும்பாலும் கதவுத் தடுப்புக்கோ கழிப்பறைக் கோப்பைக்கோ துளை போட்ட இடத்தில் இருக்கும். தெர்மோஸ்டாட் பிழை எண் காட்டி நின்றால் முதலில் சென்சாரை அளங்கள். பரவலாகக் கிடைக்கும் 10 கிலோ ஓம் வகை 25 டிகிரியில் அந்த அளவை ஒட்டியே காட்டும். டைல் ஒட்டும் முன் அளவு நாடாவைத் தரையில் வைத்து எடுத்த படம் கையில் இருந்தால் வெப்பக் கேமராக்காரர் ஒரே டைலோடு வேலையை முடிப்பார். படம் இல்லாவிட்டால் நாலைந்து டைல் போகும். அதே நிறத்தில் ஒரு பெட்டி டைல் வாங்கிக் கராஜில் போட்டு வையுங்கள்.